நாற்பத்தொரு நிமிடம்

கணினித் திரையில் பச்சையில் ஒரு பொத்தான், ஆரஞ்சில் ஒரு பொத்தான். பச்சைக்குக் கீழே ‘நிலையான பதிப்பு, எல்லோருக்கும் ஏற்றது’ என்று போட்டிருக்கிறது. ஆரஞ்சுக்குக் கீழே ‘பீட்டா, சோதித்துப் பார்க்க மட்டும், முக்கியமான கோப்புகளுக்குப் பயன்படுத்த வேண்டாம்’. இருபது வருஷமாக ஒலி திருத்தும் மென்பொருளை வைத்துப் பிழைக்கிறவன் இதில் ஒன்றை அமுக்குவதற்கு அரை நிமிஷம்கூட எடுத்துக்கொள்ள மாட்டான். நான் பத்தே முக்காலிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி மினா பன்னிரண்டரைக்கு வந்துவிடுவாள். செவ்வாய்க்கிழமை பேச்சுப் பயிற்சிக்குப் போனால் பன்னிரண்டரைக்கு முன்னாலும் வரமாட்டாள், பின்னாலும் வரமாட்டாள், இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவள், நேரம் அவள் உடம்பில் இருக்கிறது. காலையில் கிளம்பும்போது சமையலறை வெள்ளைப் பலகையில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ‘இன்னிக்கு வந்ததும் நான் பேசினதைக் கேக்கணும். ரெடி பண்ணி வை.’ ரெடி என்பதற்குக் கீழே இரண்டு கோடு. ஒன்பது மாசமாக அவள் அந்தப் பதிவைப் போடச் சொன்னதில்லை. நான் இருக்கு இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பத்திரமா இருக்கு மினா, மூணு இடத்துல வச்சிருக்கேன், நீ எப்பக் கேக்கணும்னு தோணுதோ அப்பக் கேளு. மூன்று இடத்தில் வைத்திருப்பது நிஜம். மூன்று இடத்திலும் அது உடைந்துதான் இருக்கிறது. ஐம்பத்திரண்டு நிமிஷம் பேசினாள். முதல் பதினோரு நிமிஷம் முழுசாக இருக்கிறது. மீதி நாற்பத்தொரு நிமிஷமும் கண்ணாடித் தூள் மாதிரி, அங்கே அரை நொடி, இங்கே கால் நொடி, நடுவில் ஒன்றுமில்லை. இன்றைக்குப் பச்சையை அமுக்கினால் அந்த ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லாததாகவே திறந்து காட்டும். ஆரஞ்சை அமுக்கினால், புதுசாக ஒரு வசதி சேர்த்திருக்கிறார்களாம், விடுபட்ட இடங்களைப் பேசியவரின் குரலிலேயே நிரப்பித் தருமாம். ஒரு கணினியில் ஏதாவது ஒன்றுதான் இருக்க முடியும். ஒன்றைப் போட்டால் மற்றது போய்விடும். முதலில் எதைப் போடுவது. எதையாவது போடத்தான் வேண்டுமா. அடுப்பில் குக்கர் வைத்தேனா? வைக்கவில்லை. சோறு காலையிலேயே அவள் வடித்துவிட்டாள்.

அதைப் பதிந்த அன்றைக்கும் ஆரஞ்சைத்தான் அமுக்கினேன். ஏப்ரல் மாசம், திருச்சி வெயில், மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், அதற்கு அடுத்த நாள் தொண்டையில் குரல்வளையை எடுத்துவிடுவார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் என் அறையில் உட்கார வைத்தேன். ஜன்னலுக்குப் போர்வை கட்டினேன், ஃபேனை நிறுத்தினேன். அவளுக்கு நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது. போன வாரம்தான் பீட்டா வந்திருந்தது. பின்னணி இரைச்சலைப் பதியும்போதே துடைத்துவிடும் என்றிருந்தார்கள். ‘பழசு வேணாம் மினா, இதுல போட்டா சத்தமே இருக்காது, உன் குரல் மட்டும் வெள்ளி மாதிரி வரும்’ என்று பெருமையாகச் சொன்னேன். கடைசியாக ஒரு தடவை பதியப்போகிற குரல், அதைக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்க மட்டும் என்று எழுதியிருந்ததில் வைத்தேன். எச்சரிக்கையைப் படித்தேன். படித்துவிட்டு அமுக்கினேன். அப்படி எத்தனையோ எச்சரிக்கையை அமுக்கியிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. படிக்க ஒரு தாள் கொடுத்திருந்தேன், எல்லா எழுத்தும் வருகிற மாதிரி வாக்கியங்கள். பால் பொங்கிவிட்டது. நாளைக்கு மழை வருமா. சாவியை எங்கே வைத்தாய். பதினோரு நிமிஷம் மாணவிகளுக்கு விதிமுறை வாசிக்கிற குரலில் வாசித்தாள். பிறகு தாளை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அவளாகவே பேச ஆரம்பித்தாள். பால் பொங்கிவிட்டது முழுசாக இருக்கிறது. அவளாகப் பேசியதுதான் போய்விட்டது. முடித்துவிட்டுச் சேமி என்று அமுக்கினேன், திரை வெளிறி நின்றது, சுற்றுகிற வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் முகம் கழுவப் போயிருந்தாள். ‘ஏம்ப்பா, நல்லா வந்துச்சா?’ என்று குளியலறையிலிருந்து கேட்டாள். ‘சூப்பரா வந்திருக்கு’ என்றேன். வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

மறுபடி பேசச் சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க இருந்தது, மறுநாள் ஆஸ்பத்திரியிலும் ஒரு பகல் இருந்தது. திரையை மூடி, திறந்து, உடைந்திருக்கிறது என்று பார்த்தபோது அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், தொண்டை வலிக்கிறது என்று கையால் காட்டினாள். சரி, மீட்டுவிடலாம், எவ்வளவோ உடைந்த கோப்பை மீட்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை யாரிடமும் சொன்னதில்லை, சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. அந்த நாற்பத்தொரு நிமிஷமும் நான் அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன், இரண்டு காதிலும் ஹெட்போன் இருந்தது, அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது, ஆனால் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் ஒலி அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கம்பி சிவப்பைத் தொடாமல் இருக்கிறதா, ‘ப’ வரும்போது காற்று மோதுகிறதா, நாற்காலி கிறீச்சிடுகிறதா. வார்த்தை எங்கே போய்விடும், பதிவாகிறதே, பிறகு நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம். தொழில் புத்தி. கல்லூரிக்காரர்கள் பாடம் பேசுவதை எட்டு மணி நேரம் திருத்திக் கொடுத்திருக்கிறேன், முடித்ததும் அது பொருளாதாரமா வரலாறா என்று கேட்டால் தெரியாது. அதே மாதிரி அவளையும் கேட்டுவிட்டேன். இரண்டு மூன்று வார்த்தை ஞாபகம் இருக்கிறது. ‘ஷெரின்’ என்று எங்கள் மகள் பெயர் ஒரு தடவை வந்தது. ‘மாடிப்படி’ என்று ஏதோ. எந்த மாடிப்படி? ஒன்பது மாசமாக அந்த மாடிப்படியைத் தேடுகிறேன். எங்கள் வீட்டில் மாடி கிடையாது.

தெருவில் காய்கறி வண்டிக்காரன் ஒலிபெருக்கியில் பதிந்து வைத்ததை ஓடவிட்டுக்கொண்டு போகிறான். முன்பெல்லாம் மினா வாசலில் நின்று ஒரு சத்தம் கொடுப்பாள், தெருக்கோடியில் போகிறவன் திரும்பி வருவான். உறையூர்ப் பக்கம் இரண்டு தெரு தள்ளிக் கேட்கும் என்பார்கள். மைக் இல்லாமல் அறுநூறு பிள்ளைகளை நேராக நிற்க வைத்த குரல். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள், கல்யாணத்துக்கு முன்னால் ‘நீ’ என்றவள், என் அம்மா முன்னால் மட்டும் ‘நீங்க’ என்று சொல்லிப் பார்த்தாள், அந்த ‘நீங்க’வும் மைதானத்தில் சொல்கிற மாதிரியே வந்தது, அம்மாவே சிரித்துவிட்டாள். இந்த வீட்டில் இந்த அறையை நான் ஸ்டூடியோ ஆக்கிய நாளிலிருந்து, எத்தனை தடவை சொல்லியிருப்பேன், மினா, மெதுவா. மினா, ரெக்கார்டிங் போயிட்டிருக்கு. மினா, உன் சத்தத்துல எல்லாம் பாழாப் போகுது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்துவாள், பத்து நிமிஷத்தில் மறந்துவிட்டு யாரையாவது கூப்பிடுவாள். எல்லாப் பதிவிலும் எங்காவது ஒரு இடத்தில் அவள் இருப்பாள். ‘சாம்பார் ஆறுதுப்பா’ என்று ஆங்கில இலக்கணத்துக்கு நடுவில் வருவாள். திரையில் அலையைப் பார்த்தாலே தெரியும் எனக்கு, அகலமாக எழும்பி, சட்டென்று நிற்கும். அதை மட்டும் தேர்ந்தெடுத்து அழிப்பேன். எத்தனை வருஷம். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டாலும் எத்தனை தடவை அழித்திருப்பேன். அழிக்காத மூலப் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று ஜூன் மாசம் பழைய ஹார்ட் டிஸ்க்கை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். இல்லை. வேலை முடிந்ததும் மூலத்தைத் துடைத்துவிடுவது என் ஒழுங்கு. இப்போது இந்த வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது, போர்வைகூடக் கட்ட வேண்டாம், இந்த மாதிரி அமைதிக்குத்தான் நான் இருபது வருஷமாக அவளோடு சண்டை போட்டேன். மூச்சு கழுத்து வழியாகப் போய்விடுவதால் அவளால் விசிலும் ஊத முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் வாரம், பீரோவிலிருந்து அவளுடைய விசிலை எடுத்து உதட்டில் வைத்தாள், கன்னம் உப்பியது, கழுத்துத் துளையை மூடியிருந்த துணி மட்டும் படபடத்தது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் விசிலைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். என்னைக் கூப்பிட இரண்டு தடவை கை தட்டுவாள். அவ்வளவுதான்.

போன் அடிக்கிறது. ஷெரின், பெங்களூரிலிருந்து. ‘அப்பா, அம்மா மெசேஜ் போட்டிருந்தாங்க, இன்னிக்கு அந்த ரெக்கார்டிங்கக் கேக்கப் போறாங்களாமே.’ ஆமாம்மா. ‘எனக்கும் அனுப்புங்கப்பா. கேக்கணும் போல இருக்கு. அம்மா என்னப் பத்தி என்ன சொன்னாங்க?’ நீயே கேட்டுக்கயேன். ‘நல்லாத்தானே வந்திருக்கு?’ ம், நல்லா வந்திருக்கு. ‘ஏம்ப்பா ஒரு மாதிரி பேசுறீங்க, அழுறீங்களா?’ சளிம்மா. வச்சிடறேன், வேலை ஓடிட்டிருக்கு. வைத்துவிட்டேன். ஒரே பொய்யை இரண்டு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. பதினொன்று பத்து. அமுக்கு, ஏதாவது ஒன்றை அமுக்கு. நான் எப்போதும் தப்பானதைத்தான் அமுக்குகிறேன். இதற்கு முன்னாலும் இரண்டு பொத்தான் முன்னால் வந்தது, டாக்டருடைய மேஜையில். அவர் பேனாவால் ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டார். இது ஆபரேஷன், குரல் போகும், ஆனா நோய் வேரோட போறதுக்கு வாய்ப்பு அதிகம். இது கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்து, குரல் தங்கலாம், திரும்பி வர்றதுக்கும் வாய்ப்பு இருக்கு, வந்தா கஷ்டம். நீங்க ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்லுங்க என்றார். நாங்கள் பேசவில்லை. அவர் பேனாவை மூடுவதற்குள் நான் சொல்லிவிட்டேன், நிச்சயமானதையே செஞ்சிடுங்க டாக்டர். மினா அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தாளா? திறந்த மாதிரி இருந்தது. நான் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அவள் உயிர் எனக்கு வேண்டியிருந்தது, அதில் தப்பு என்ன இருக்கிறது, எந்தப் புருஷனும் அதைத்தான் சொல்வான். ஆனால் அது அவள் தொண்டை. அங்கே நிலையானதைக் கேட்டு வாங்கினேன், இங்கே வந்து அவள் குரலை பீட்டாவில் வைத்தேன். மாற்றிச் செய்திருந்தால்? மாற்றிச் செய்திருந்தால் இன்றைக்கு அவளே இல்லாமல் போயிருக்கலாம், ஐம்பத்திரண்டு நிமிஷம் முழுசாக இருந்திருக்கும், நான் அதைக் கேட்டுக்கொண்டு இதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். சேசுவே, என்ன யோசனை இது.

ஆரஞ்சை அமுக்கிவிட்டேன். உடைந்த கோப்பை நகல் எடுத்து, நகலைத்தான் கொடுத்தேன், அந்த அளவுக்குப் புத்தி வந்திருக்கிறது. ‘விடுபட்ட இடங்களை நிரப்பவா?’ என்று கேட்டது. ஆம். நீலப் பட்டை மெல்ல நகர்ந்தது. நான்கு சதவீதம். பதினொன்று. கண்ணை எடுக்காமல் பார்த்தால் நகராது என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், பலகையில் இருந்த அந்த இரண்டு கோட்டைப் பார்த்தேன், திரும்பி வந்தேன். எழுபது. நிரம்பிவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். அவள் கேட்பாள், ஷெரின் கேட்பாள், நானும் முதல் தடவையாகக் கேட்பேன். பன்னிரண்டு ஆவதற்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முடிந்தது. அலை முழுக்க நிரம்பியிருந்தது, ஒரு ஓட்டை இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பன்னிரண்டாவது நிமிஷத்தில் வைத்தேன். மினா பேசினாள். மினாதான். வார்த்தைக்கு முன்னால் லேசாக இழுக்கிற மூச்சு, முடிக்கும்போது ஒரு தட்டு தட்டி நிறுத்துவது, அந்த அகலம், எல்லாம் அவள். ‘ஏம்ப்பா’ என்றாள், அது நிஜமான துண்டாக இருக்க வேண்டும், அதற்குப் பின்னால், ‘அதான வெலமா நிருந்து கொடுத்தாலே சரிமே தாவுண்டு’ என்றாள். நான் திருப்பிப் போட்டேன். வெலமா நிருந்து. சரிமே தாவுண்டு. காதுதான் சரியில்லை என்று சத்தத்தைக் கூட்டினேன். தமிழ் மாதிரி இருந்தது, பக்கத்து அறையில் யாரோ தமிழ் பேசினால் கேட்குமே அந்த மாதிரி, ஆனால் ஒரு வார்த்தைகூட வார்த்தை இல்லை. அதற்கு அவள் குரல் தெரிந்திருக்கிறது, அவள் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. என்னை மாதிரியே. தேற்றுகிற மாதிரி இறங்கினாள், கோபமாக ஏறினாள், ஒரு இடத்தில் சிரித்தாள்கூட, எதற்குச் சிரித்தாள், எதற்குமில்லை. நான்கு நிமிஷம் கேட்டேன். ‘என்னம்மா சொல்ற, புரியற மாதிரி சொல்லேன்’ என்று திரையைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டேன். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இதுவே போதும் என்று தோன்றியது, அர்த்தம் எதற்கு, குரல் இருக்கிறதே, கண்ணை மூடிக்கொண்டால் சமையலறையில் நின்று யாரிடமோ பேசுகிறாள் என்று வைத்துக்கொள்ளலாமே. பிறகு அவள் இதைக் கேட்பதை நினைத்துப் பார்த்தேன். பி.டி. டீச்சர் பிலோமினா, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தன் குரலில் தான் உளறுவதைக் கேட்டு, என் முகத்தைப் பார்ப்பாள். சேமிக்காமல் மூடினேன். நகலை அழித்தேன். பீட்டாவை நீக்கிவிட்டுப் பச்சையை அமுக்கினேன். அது எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. மூலக் கோப்பைத் திறந்தது, பதினோரு நிமிஷம் மலை மலையாக, அதற்கப்புறம் ஒரு நேர்கோடு, கோட்டில் அங்கங்கே முள் மாதிரி சில துளிகள். சரி. இதுதான் இருக்கிறது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

கேட் கொக்கி விழுந்தது. இரண்டு தடவை கை தட்டினாள். நான் அறையைவிட்டு வருவதற்குள் அவளே வந்துவிட்டாள், கைப்பையைக்கூட இறக்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, திரையைக் காட்டி, போடு என்று விரலைச் சுழற்றினாள். கழுத்துத் துணி வியர்வையில் நனைந்திருந்தது. ‘மினா, அது போயிடுச்சு’ என்றேன். அவள் புருவத்தைத் தூக்கினாள். ‘படிச்சது இருக்கு. நீயாப் பேசினது போயிடுச்சு. அன்னிக்கே போயிடுச்சு. பீட்டாவுல போட்டேன், எழுதியிருந்தான், படிச்சிட்டுத்தான் போட்டேன். இவ்வளவு நாளும் உங்கிட்ட பொய் சொன்னேன்.’ அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை. ‘நீ என்ன சொன்னேன்னும் எனக்குத் தெரியாது மினா. நான் கேக்கல. எதிர்ல உக்காந்துக்கிட்டு மீட்டரப் பாத்துக்கிட்டிருந்தேன்.’

சமையலறைப் பலகையை எடுத்து வருவாள் என்று நினைத்தேன். எடுத்து அடிப்பாள் என்றுகூட நினைத்தேன், அடித்தால் நல்லது. அவள் கைப்பையைத் திறந்து அந்தக் கருவியை எடுத்தாள். டார்ச் மாதிரி இருக்கும், கழுத்தில் அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால் ரீங்காரமாக ஒரு குரல் வரும். பயிற்சியில் மட்டும் தொடுவாள், வீட்டில் ஒரு நாளும் எடுத்ததில்லை, கொசுமருந்து மிஷின் பேசுற மாதிரி இருக்கு என்று பலகையில் எழுதிவிட்டுப் பெட்டிக்குள் போட்டவள். தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினாள். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, எல்லாம் ஒரே சுருதி. ‘தெரியும்’ என்றது அது. என்றாள். ‘நீ கேக்கலன்னு அன்னிக்கே தெரியும். எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னேன். நீ கட்டைவிரலத் தூக்கிக் காட்டுன.’

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் காட்டியிருப்பேன், அளவு சரியாக இருந்தால் எல்லாருக்கும் அப்படித்தான் காட்டுவேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள், என்னைப் பார் என்று. ‘டாக்டர் கேட்டப்பவும் நான் உன்னக் கேக்கல’ என்றேன். ‘ஆமா’ என்றாள். கருவியை எடுத்து, சரியான இடம் பார்த்து மறுபடி வைத்தாள். ‘கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்.’ பிறகு அவளே ஆரம்பித்தாள். ரொம்ப நீளமாக ஒன்று சொன்னாள். எனக்குக் ‘கடைசி’ என்பது மட்டும்தான் பிடிபட்டது. தலையாட்டிவிடலாம் என்று பழக்கம் சொன்னது. ‘புரியல மினா, மறுபடி சொல்லு.’ சொன்னாள். ‘கடைசியா’ புரிந்தது, ‘நர்ஸ்’ புரிந்தது. நாற்காலியை நெருக்கி இழுத்து, அவள் உதட்டைப் பார்த்தேன். ‘இன்னொரு தடவை.’ எரிச்சல்படாமல், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துச் சொன்னாள்.

‘ஆபரேஷனுக்கு உள்ள போறப்ப, கடைசியா உன் பேரைச் சொல்லணும்னு நெனச்சு வச்சிருந்தேன். சொல்றதுக்குள்ள கதவச் சாத்திட்டாங்க. உள்ள ஒரு நர்ஸ், பொய்ப்பல் எதுவும் கட்டியிருக்கீங்களான்னு கேட்டா. இல்லன்னேன். உடனே மயக்க மருந்து மாஸ்க்க மூக்குல வச்சிட்டா. அவ்வளவுதான்.’

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சத்தம் இல்லாமல் தோள் மட்டும் குலுங்கியது, கழுத்துத் துணி படபடத்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை, இரண்டுக்கும் இப்போது அவளிடம் ஒரே ஓசைதான். நான் அவள் கையைக் கருவியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மினாவின் குரலில் கடைசி வார்த்தை ‘இல்ல’. அதைக் கேட்டது பச்சை உடுப்புப் போட்ட யாரோ ஒரு பெண். அன்றைக்கு அந்தக் கேள்வியை இன்னும் நாலைந்து பேரிடம் கேட்டிருப்பாள். அவளுக்கு ஞாபகம் இருக்காது.